கொச்சை என்று ஒரு தமிழ் இல்லை

பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் கிடையாது. எழுத்துத் தமிழ் நாக்குச் சோம்பலால் தேய்ந்து, சிதைந்து, கடைசியில் மிஞ்சியதுதான் பேச்சு. இதை நம்பாத தமிழரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தமிழாசிரியர் நம்புகிறார், பட்டிமன்ற நடுவர் நம்புகிறார், பிள்ளையைத் திருத்தும் பெற்றோர் நம்புகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த நம்பிக்கையை அவர்கள் சொல்வதும் பேச்சுத் தமிழில்தான். ‘இப்பல்லாம் எவன் சார் ஒழுங்கா தமிழ் பேசுறான்?’ என்று அங்கலாய்க்கிறவரின் வாக்கியமே அவர் கேட்கும் ஒழுங்குக்குள் வராது. எதிரில் இருப்பவரும் ‘ஆமா சார்’ என்று தலையாட்டுவார். இருவருக்கும் எதுவும் உறுத்தாது.

இது வெறும் அறியாமை என்றால் விட்டுவிடலாம். வகுப்பறையில் பிள்ளையின் வாயை அடைப்பதும் இந்த நம்பிக்கைதான். வட்டார வழக்குப் பேசுகிறவரைப் பட்டிக்காட்டான் ஆக்குவதும் இதுதான். ஆகவே நேருக்கு நேர் மறுத்தாக வேண்டும்.

முதலில், பேச்சுக்கு விதி உண்டா என்று பார்ப்போம். ‘இடம்’ என்பதைப் பேச்சில் ‘எடம்’ என்கிறோம். இலை எலை ஆகிறது, விறகு வெறகு ஆகிறது, கிணறு கெணறு ஆகிறது. உகரமும் இதே வழியில் போகிறது: குடம் கொடம், உரல் ஒரல், புகை பொகை. நாக்குச் சோம்பல்தான் காரணம் என்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். கிணற்றைக் கெணறு என்கிற அதே வாய், கிண்ணத்தைக் ‘கெண்ணம்’ என்று ஏன் சொல்வதில்லை? குளத்தைக் கொளம் என்பவர் குள்ளனைக் ‘கொள்ளன்’ என்பதில்லையே, ஏன்? விறகு வெறகாகும்போது விருந்து ஏன் ‘வெருந்து’ ஆகவில்லை? குடை கொடையாகிறது, குடி குடியாகவே நிற்கிறதே?

காரணம் இதுதான். சொல்லின் முதலசையில் குறில் இகரமோ உகரமோ வந்து, அதை அடுத்து ஒற்றை மெய் வந்து, அந்த மெய்யின் மேல் அகரமோ ஐகாரமோ ஏறியிருந்தால் மட்டுமே இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் மாறும். மெய் இரட்டித்தால் மாறாது. அடுத்து வரும் உயிர் இகரமாகவோ உகரமாகவோ இருந்தாலும் மாறாது. படிப்பின் வழியாக வந்த சில சொற்கள் விலகி நிற்கும். மற்றபடி தமிழ்நாட்டின் பெரும்பாலான வழக்குகளில் விதி இதுவே. எந்தப் பள்ளியிலும் இதை நடத்துவதில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவரும் இதில் பிசகுவதில்லை.

வினைச்சொல்லுக்கு வருவோம். படித்தான் படிச்சான் ஆகிறது, சிரித்தான் சிரிச்சான், சமைத்தான் சமைச்சான், தெரிந்தது தெரிஞ்சது. ஆனால் எடுத்தான் ‘எடுச்சான்’ ஆவதில்லை, நடந்தான் ‘நடஞ்சான்’ ஆவதில்லை. இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் பின்னால் வரும் தகரம் சகரமாகும். உகரத்துக்கும் அகரத்துக்கும் பின்னால் அது அசையாமல் நிற்கும். இதைவிட நுட்பமான இடம் ‘விற்றான்’. பேச்சில் அது வித்தான். இகரத்துக்குப் பின்னால்தானே தகரம் வந்திருக்கிறது, ‘விச்சான்’ ஆக வேண்டாமா? ஆகாது. சிற்றப்பா சித்தப்பா ஆவார், ‘சிச்சப்பா’ ஆக மாட்டார். இற்றுப்போன கயிறு இத்துப்போகும், ‘இச்சுப்’ போகாது. ஏனென்றால் இந்தத் தகரம் றகரத்திலிருந்து பிறந்தது. தகரம் சகரமான மாற்றம் முதலில் நடந்து முடிந்துவிட்டது. றகரம் தகரமானது அதற்குப் பின்னால். காதுக்கு இரண்டு தகரமும் ஒன்றாகவே கேட்கின்றன. அப்படியிருந்தும், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அவற்றின் பிறப்பு வேறு வேறு என்பதைத் தம் பேச்சில் காப்பாற்றி வைத்திருக்கிறார். சிதைந்த பொருள் எதுவும் தன் வரலாற்றை இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்காது.

‘எழுத்துகளை விழுங்குகிறார்கள்’ என்பது அடுத்த குற்றச்சாட்டு. அவள் என்பது பேச்சில் ‘அவ’ என்று முடிகிறது. அவன் என்பதிலும் கடைசி னகரம் தனியாகக் கேட்பதில்லை. அப்படியானால் இரண்டும் ஒன்றாகிக் குழம்ப வேண்டுமே? யாரும் குழம்புவதில்லை. அவன் என்று சொல்லும்போது கடைசி உயிர் மூக்கின் வழியாக ஒலிக்கிறது; அவள் என்னும்போது அப்படி ஒலிப்பதில்லை. மரம், பணம் என்ற சொற்களின் முடிவையும் நாம் இப்படித்தான் ஒலிக்கிறோம். இந்த மூக்குயிரைக் குறிக்க நம் நெடுங்கணக்கில் ஓர் எழுத்து இல்லை. எழுத்து இல்லாததால் ஒலியே இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம்.

சரி, இதெல்லாம் மேல்நாட்டு மொழியியல், நம் மரபு வேறு என்பார்கள். மரபைப் பார்ப்போம். வழக்கு, செய்யுள் என்ற இரண்டையும் ஆராய்ந்தே தொல்காப்பியம் இயற்றப்பட்டது என்று அதன் பாயிரம் சொல்கிறது. ‘வழக்கு என்றால் உயர்ந்தோர் வழக்கு என்று அதே நூலின் மரபியல் சொல்கிறதே?’ என்று கேட்கலாம். சொல்கிறது. உயர்ந்தோர் வழக்கானாலும் அது வழக்குதானே. மக்கள் நாவில் புழங்கியதைக் கேட்டுத்தானே விதி எழுத முடிந்தது? மேலும், இன்றைய உயர்ந்தோர் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். துணைவேந்தரும் நீதிபதியும் வீட்டுக்குத் தொலைபேசியில் ‘வந்துட்டேன்’ என்றுதான் சொல்கிறார்கள்.

பவணந்தி முனிவரின் நன்னூல் இன்னும் தெளிவு. சொற்கள் பேச்சில் மருவி வழங்குவதை அவர் மரூஉ என்று பெயரிட்டு, இயல்பு வழக்கின் மூன்று வகைகளில் ஒன்றாகவே வைத்தார். தஞ்சாவூர் தஞ்சை ஆனதை நாம் இலக்கணமாகப் படித்து மதிப்பெண் வாங்குகிறோம். அதே வேலையைப் பக்கத்துத் தெருக்காரர் இன்று செய்தால் கொச்சை என்கிறோம். நூறாண்டு போனால் இலக்கணம், நேற்று நடந்தால் பிழை என்பது என்ன நியாயம்?

‘கள்’ விகுதியையே பாருங்கள். தொல்காப்பியம் அதை அஃறிணைப் பன்மைக்கே சொல்கிறது. உயர்திணைக்கு அர், ஆர் முதலியவை இருந்தன. இன்று ‘அவர்கள்’, ‘மாணவர்கள்’ என்று எழுதாமல் ஒரு பத்திரிகைப் பத்தி நகராது. தொல்காப்பியரின் அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தால், தூய தமிழ் காக்கப் புறப்பட்டவர்களின் அறிக்கையில்தான் முதல் பிழை விழும்.

பேச்சு எப்போதும் தொலைப்பது, எழுத்து எப்போதும் காப்பது என்ற கணக்கும் சரியில்லை. அ, இ, உ என்று மூன்று சுட்டுகளைப் பழைய இலக்கணம் சொல்கிறது. தமிழ்நாட்டு உரைநடையில் உகரச் சுட்டு வழக்கொழிந்து வெகு காலம் ஆகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் அது உயிரோடு இருக்கிறது; ‘உது என்ன?’, ‘உவர் ஆர்?’ என்று சாதாரணமாகக் கேட்பார்கள். எழுத்து கைவிட்டதைப் பேச்சு காத்து வைத்திருக்கிறது. அதைக் கேட்டுத் தமிழ்நாட்டுத் திரைப்படம் சிரிப்பு மூட்டுகிறது.

வெளியிலிருந்து வந்தவருக்கு இது விளங்கியது. வீரமாமுனிவர் என்று நாம் கொண்டாடும் பெஸ்கி, செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் கொடுந்தமிழ் எனப்பட்ட பொது வழக்குக்குத் தனியாக ஓர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார். இரண்டாவது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. இலக்கணமே இல்லாத ஒன்றுக்கு ஒருவர் எப்படி இலக்கண நூல் எழுத முடியும்? அவருக்குச் சிலை வைத்த நாம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இவ்வளவு தெளிவான உண்மைக்கு மாறாக ஒரு நம்பிக்கை எப்படி இத்தனை பலமாக வேரூன்றியது? 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் இரட்டை வழக்கு பற்றி எழுதிய கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹெய்த்தி கிரியோல் ஆகியவற்றை அவர் எடுத்துக்கொண்டார். ஒரே சமூகத்தில் பள்ளிக்கும் மேடைக்கும் நூலுக்கும் ஒரு வழக்கு, வீட்டுக்கும் தெருவுக்கும் இன்னொரு வழக்கு என்று வேலை பிரிந்திருக்கும் இடங்கள் அவை. அங்கெல்லாம் மக்கள், தாம் நாள் முழுதும் பேசும் வழக்கைத் தாழ்வாக நினைத்தார்கள். சிலர் அப்படி ஒன்று இருப்பதையே மறுத்தார்கள். ஆக, நம் நம்பிக்கை தமிழின் இயல்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரட்டை வழக்குள்ள எல்லா ஊரிலும் வரும் நோய் நமக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பமும் இதற்குத் துணை. பேச்சு என்றால் வாய், எழுத்து என்றால் கை என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டையும் பிரிப்பது இடமும் ஆளும் வேலையும்தான். அண்ணாதுரை மேடையில் வாயால்தான் பேசினார். மொழி எழுத்து வழக்கு, அடுக்கும் மோனையும் சேர்ந்தது. அதே காலத்து மேடையில் பெரியார் வீட்டுத் திண்ணையில் பேசுகிற மாதிரி பேசினார். இருவரையும் கூட்டம் கேட்டது. மேடையில் செந்தமிழ் முழங்குவது பழந்தமிழ் மரபின் தொடர்ச்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்; அது நவீன காலத்து அரசியல் உருவாக்கிய வழக்கம் என்று பெர்னார்ட் பேட் என்ற மானுடவியலாளர் மதுரையை மையமாகக் கொண்டு ஒரு நூலே எழுதினார். எழுத்திலும் ஒரே தமிழ் இல்லை. கிரையப் பத்திரத்தில் ‘மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை’ என்று எழுதுகிறவர், அதே கையால் வாட்ஸப்பில் ‘பத்திரம் முடிஞ்சிருச்சு, வரேன்’ என்று தட்டுகிறார். இடம் மாற்றி எழுதிப் பாருங்கள். இரண்டுமே பிழையாகிவிடும்.

‘பேச்சு எளிது, எழுத்துதான் ஆழம்’ என்பதும் கேட்டுப் பார்க்காமல் சொல்வது. எம்.ஏ.கே. ஹாலிடே 1985இல் பேச்சையும் எழுத்தையும் பற்றி எழுதிய நூலில் விளக்கியது இது: எழுத்து பெயர்ச்சொற்களை நெருக்கி அடைத்துச் சிக்கலாகிறது, பேச்சு வினைகளை ஒன்றோடொன்று பின்னிச் சிக்கலாகிறது. தமிழில் வைத்துப் பார்க்கலாம். ‘வடிகால் பணித் தாமதத்தால் போக்குவரத்து பாதிப்பு’ என்று செய்தி வருகிறது. அதில் ஒரு வினைமுற்றுகூட இல்லை. இதையே பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்மணி இப்படிச் சொல்வார்: ‘தோண்டிப் போட்டுட்டு மூடாம விட்டுட்டாங்கல்ல, அதான் பஸ்ஸு உள்ள வர மாட்டேங்குது, வந்தாலும் சுத்திக்கிட்டுத்தான் வருது.’ எத்தனை வினைகள்! ‘போட்டுட்டு’ என்பதில் செயல் முடிந்துவிட்டது என்பதும், ‘மாட்டேங்குது’ என்பதில் பேருந்துக்கே ஏறிய பிடிவாதமும், ‘விட்டுட்டாங்கல்ல’ என்பதில் உங்களுக்கும் தெரிந்ததுதானே என்ற துணை தேடலும் இருக்கின்றன. செய்தித் தலைப்பில் யார் மேலும் பழி இல்லை. அவர் வாக்கியத்தில் இருக்கிறது.

மழை பற்றிப் பேசுவதையும் கவனியுங்கள். ‘மழை பெஞ்சுது’ என்றால் பார்த்தவர் சொல்கிறார். ‘மழை பெஞ்சிருக்கு’ என்றால் காலையில் ஈர வாசலைப் பார்த்து ஊகித்தவர் சொல்கிறார். ‘மழை பெஞ்சுதாம்’ என்றால் யாரோ சொல்லக் கேட்டவர். ‘பெஞ்சு தொலைச்சுது’ என்றால் அன்றைக்கு அவர் வீட்டில் கல்யாணம். எழுத்துத் தமிழிலும் இந்தக் கருவிகள் பெரும்பாலும் உண்டு. ஆனால் செய்தியும் அறிக்கையும் எல்லாவற்றையும் ‘மழை பெய்தது’ என்று ஒரே சட்டையில் நுழைத்துவிடுகின்றன.

இது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. காவல் நிலையத்தில் ஒருவர் ‘அவன் அடிச்சானாம்’ என்று சொல்வதை, எழுதுகிறவர் ‘அவர் அடித்தார்’ என்று ‘நல்ல தமிழில்’ எழுதினால் என்ன ஆகும்? செவிவழிச் செய்தி நேரடிச் சாட்சியாகிவிடும். சட்டத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பேச்சுக்கு இலக்கணம் இல்லை என்று நினைக்கிற எழுத்தருக்கு அந்த ‘ஆம்’ ஒரு கொசுறு. சாட்சிக்கு அது உண்மையின் எல்லைக்கோடு.

வகுப்பறைக்கு வருவோம். முதல் வகுப்புக்கு வரும் குழந்தை பல ஆயிரம் சொற்களும் ஒரு முழு இலக்கணமும் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறது. ‘எங்க ஆயா கெணத்துல தண்ணி எறைச்சுது’ என்று அது சொன்னால், மேலே சொன்ன விதிகளெல்லாம் அந்த வாக்கியத்தில் துல்லியமாக நடக்கின்றன. ஆசிரியர் ‘தப்பு’ என்கிறார். குழந்தைக்கு என்ன புரியும்? தன் வீட்டில் எல்லாரும் தப்பாகப் பேசுகிறவர்கள் என்று புரியும். மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த அடி லேசாகத்தான் விழும். வீட்டில் புத்தகமும் நாளிதழும் உண்டு. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கும் முழு அடி விழுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. மொழிப் பிரச்சினை என்று பெயர் வைத்து நாம் செய்வது சாதியும் வர்க்கமும் பிரித்து வைத்த பழைய வேலைதான். ‘அவங்க பேச்சே ஒரு மாதிரி’ என்று யார் பேச்சைச் சொல்கிறோம் என்று யோசித்தால் விளங்கும்.

நாற்காலி மாற்றி உட்கார்ந்தும் பார்க்கலாம். புத்தகத்தில் மட்டும் தமிழ் கற்ற வெளிநாட்டார் ஒருவர் நடத்துநரிடம் ‘இப்பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படும்?’ என்று கேட்டால் பேருந்தே சிரிக்கிறது. அதுதான் சரியான தமிழ் என்று சொல்கிற நாமே ஏன் சிரிக்கிறோம்? அந்த இடத்துக்கு அது பிழை என்று நம் காதுக்குத் தெரியும். காது சொல்வதை வாய் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டில் ஆங்கிலத்துக்கு நழுவிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பேச்சின் வழியாகத்தான் மொழியில் நிறுத்த முடியும் என்று அங்கே உணர்ந்தார்கள். தமிழ்நாட்டிலும் ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைகளின் நிலைமை அந்தப் பக்கம்தான் நகர்கிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதில் நியாயமும் உண்டு. ‘ஆளாளுக்குப் பேசுவதுபோல் எழுதினால் நாகர்கோவிலில் எழுதியது கோவைக்கும், கோவையில் எழுதியது மட்டக்களப்புக்கும் புரியாமல் போகும். பொது எழுத்துத் தமிழ்தான் நம்மைச் சேர்த்து வைத்திருக்கிறது. பழைய நூல்களுக்கு நம்மைக் கொண்டுபோகும் வழியும் அதுதான்.’ முழுக்கச் சரி. இந்தக் கட்டுரையும் எழுத்துத் தமிழில்தான் இருக்கிறது. கிரீஸ் நாடு 1976இல் செய்ததுபோல், பழைய எழுத்து வழக்கை ஒதுக்கிவிட்டு மக்கள் வழக்கைப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் மொழியாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுத்துத் தமிழைப் பிள்ளைகள் பிழையறக் கற்க வேண்டும். அதைக் கற்பிக்கப் பேச்சுத் தமிழை இழிவுபடுத்த வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம். உண்மையில் இழிவுபடுத்தினால் கற்பிக்கவே முடியாது. ‘நீ சொல்லும் படிச்சான், எழுத்தில் படித்தான், நீ சொல்லும் வித்தான், எழுத்தில் விற்றான்’ என்று தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பாலம் போடுகிற ஆசிரியரிடம் பிள்ளைக்கு றகரமும் தகரமும் ஒருபோதும் குழம்பாது. ‘கொச்சை’ என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போகிறவரிடம் குழம்பிக்கொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மொழியியல் துறைகள் உண்டு. பேச்சுத் தமிழின் இலக்கணத்தை மு. சண்முகம் பிள்ளை முதல் இ. அண்ணாமலை வரை நம்மவர்களே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கரான ஹெரால்ட் ஷிஃப்மன் எழுதிய பேச்சுத் தமிழ் இலக்கண நூலைக் கேம்பிரிட்ஜ் 1999இல் வெளியிட்டது. பெரிய பட்டம் எதுவும் இல்லாத கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். இவை எதுவும் பள்ளித் தமிழாசிரியரின் மேசைக்கு வந்து சேரவில்லை. தமிழாசிரியர் பயிற்சியில் பேச்சுத் தமிழின் இலக்கணம் ஒரு பாடமாக வேண்டும். பள்ளி இலக்கணப் பகுதியில் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் இகரம் எகரமாகும் விதிக்கும் இரண்டு பக்கம் கொடுக்கலாம். தன் வாயில் நாள்தோறும் நடப்பதைப் பாடமாகப் பார்க்கிற பிள்ளைக்கு இலக்கணம் கசக்காது.

அதுவரை ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். விடைத்தாளில் ‘கெணறு’ என்று கண்டால் திருத்துங்கள். திருத்த வேண்டியது உங்கள் கடமை. பக்கத்தில் ‘கொச்சை’ என்று எழுதாதீர்கள். ‘பேச்சு வழக்கு, எழுத்தில் கிணறு’ என்று எழுதுங்கள். உண்மையும் அதுதான்.